ஊர் பெருகினால் கூலி பெருகுமா? – இப்னு கல்தூனின் கூற்றும் சிவகாசி வட்டாரத்தின் அனுபவமும்

மக்கள் தொகை பெருகிச் செழிக்கும் ஒரு நகரில் உழைப்பவரின் கூலி உயருமா, தாழுமா? வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, காரண காரியத்துடன் விடை கூற முற்பட்டவர். ஹிஜ்ரி 779இல், அதாவது கி.பி. 1377இல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் தங்கியிருந்த காலத்தில் அவர் எழுதிய 'முகத்திமா'வில், நகரங்களைப் பற்றிய இயல் இதனை விரிவாகப் பேசுகிறது. மக்கள் பெருகப் பெருகத் தொழில்கள் பெருகும், தொழில்கள் பெருகப் பெருக வருவாய் பெருகும், கைத்தொழிலாளரின் கூலியும் உயரும் என்பது அவர் முடிபு.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை நாம் மாணவர்க்குப் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தபோது சாத்தூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், எங்க பக்கம் நூறு வருசமா தொழில் பெருகிக்கிட்டேதான் இருக்கு. எங்கம்மா இருபது வருசம் தீப்பெட்டி ஒட்டுனாங்க. கூலி அப்படி உயரலையே" என்றார். வகுப்பில் அப்போது நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அதன்பின் விருதுநகர் மாவட்டத்தின் தொழில் வரலாற்றைத் தேடிப் படித்தும், அச்சங்குளம் வரை நேரில் சென்று கண்டும் நாம் அறிந்தவற்றை இக்கட்டுரையில் தொகுத்துரைக்க விழைகிறோம்.

முகத்திமா முன்வைக்கும் மூன்று காரணங்கள்

முதலில் இப்னு கல்தூனின் வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அவர் கண்முன்னே இருந்தவை மக்ரிபு நாட்டின் நகரங்கள். மரீனியரின் தலைநகரான ஃபாஸ் நகரையும், அதனினும் சிறிய திலிம்சான் முதலிய நகரங்களையும் அவர் ஒப்பிடுகிறார். ஃபாஸ் நகரத்து நீதிபதி திலிம்சான் நகரத்து நீதிபதியினும் வசதியாக வாழ்கிறார். வணிகரும் தொழிலாளரும் அவ்வாறே. இரவலர் நிலையிலும் இவ்வேறுபாடு உண்டு என்கிறார் அவர். தியாகத் திருநாளில் ஃபாஸ் நகரத்து இரவலர் குர்பானிப் பிராணியின் விலையையே கேட்பதையும், இறைச்சி, வெண்ணெய், ஆடை, பாத்திரம் எனப் பலவற்றை வேண்டுவதையும் தாம் கண்டதாக எழுதுகிறார். சிறிய ஊரில் ஒருவர் அவ்வாறு கேட்டால் கடிந்து விரட்டப்படுவார் என்பதையும் அவர் சேர்த்தே குறிப்பிடுகிறார்.

பெருநகரில் உழைப்பின் விலை ஏன் உயர்கிறது என்பதற்கு அவர் மூன்று காரணங்கள் கூறுகிறார். நாகரிகம் வளர்ந்த ஊரில் தேவைகள் மிகுகின்றன என்பது முதலாவது. பிறர் உழைப்பை விலைக்கு வாங்கும் ஆற்றலுள்ள செல்வர் பலர் இருப்பதால் அவர்களிடையே போட்டி எழுகிறது என்பது மூன்றாவது. இவ்விரண்டையும் இன்றைய பொருளாதார நூல்கள் தேவை என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிடும்.

இடையிலுள்ள இரண்டாவது காரணம் இவற்றினின்றும் வேறுபட்டது. பெரிய நகரில் உணவுப் பொருள் மிகுதியாகக் கிடைப்பதால் உழைப்பாளிக்குப் பிழைப்பு எளிதாகிறது; ஆகவே அவர் தம் உழைப்பை மலிவாக விற்க இசைவதில்லை, தம்மைத் தாழ்த்திக்கொள்ள மறுக்கிறார் என்கிறார் இப்னு கல்தூன். பாடம் நடத்துவோரும் பயில்வோரும் விரைந்து கடந்துவிடும் வரி இது. நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து சென்றோம். சிவகாசியின் வரலாற்றைப் படித்த பின்னரே இதன் எடை நமக்கு விளங்கிற்று.

கொள்ளைநோய் உயர்த்திய கூலி

மக்கள் தொகைக்கும் கூலிக்கும் இடையிலுள்ள உறவுக்கு அக்காலத்திலேயே வேறொரு சான்றும் இருந்தது. 1348–49இல் துனிஸ் நகரைத் தாக்கிய கொள்ளைநோயில் இப்னு கல்தூன் தம் பெற்றோரை இழந்தார். அந்நோய் எகிப்தையும் ஐரோப்பாவையும் ஒருசேரச் சூறையாடியது. இங்கிலாந்தில் உழைப்பாளர் தொகை குறைந்து கூலி ஏறத் தொடங்கியதும், 1351இல் மன்னராட்சி சட்டம் இயற்றிக் கூலியை நோய்க்கு முந்திய அளவில் நிறுத்த முயன்றது.

கெய்ரோவில் இப்னு கல்தூனின் விரிவுரைகளைக் கேட்டவரான வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (1364–1442), ஹிஜ்ரி 808இல் எகிப்தின் பஞ்சங்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதில் சமுதாயத்தை ஏழு பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவினரின் நிலையையும் ஆராய்கிறார். சுமை தூக்குவோர், கொத்தனார், நெசவாளர், பணியாளர் ஆகியோரின் கூலி பன்மடங்கு உயர்ந்துவிட்டது என்றும், ஆயின் அவருள் பெரும்பாலோர் மாண்டுபோனமையால் எஞ்சியோர் சிலரே என்றும் அவர் கூறுகிறார். அந்த உயர்வுக்கு மாண்டோர் கொடுத்த விலையை அவர் மறைக்கவில்லை.

ஆக, ஃபாஸ் நகரில் மக்கள் பெருகியபோது கூலி உயர்ந்தது. கெய்ரோவில் மக்கள் குறைந்தபோது கூலி உயர்ந்தது. 1798இல் மால்தூஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இரண்டாவது நிலையை மட்டும் விதியாக்கியது. மக்கள் பெருக்கம் கூலியை என்றும் பிழைப்பு மட்டத்துக்கே இழுத்துவிடும் என்ற எண்ணம் அதிலிருந்தே ஐரோப்பாவில் வேரூன்றியது. தலைகளை எண்ணுவதால் மட்டும் விடை கிட்டாது என்பதற்கு இவ்விரு நகரங்களின் முரணே போதிய சான்று. இவ்விரண்டிலும் உழைப்பாளிக்குப் பொதுவாக வாய்த்தது ஒன்றுதான். வேலை தருபவரிடம் 'இக்கூலிக்கு வாரேன்' என்று சொல்லும் நிலையில் அவர் இருந்தார். ஃபாஸில் அதனைத் தந்தது மலிவான உணவு. கெய்ரோவில் தந்தது ஆள் பற்றாக்குறை.

கரிசல் மண்ணில் எழுந்த தொழில்

இனிச் சிவகாசிக்கு வருவோம். 1901ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அவ்வூரின் மக்கள் சுமார் 13 ஆயிரம் பேர். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். மழை பொய்த்தால் அவையும் விளையா. வேளாண்மைக்குக் கேடான அவ்வறண்ட காற்று, தீக்குச்சி உலர்த்துவதற்கு வாய்ப்பாக அமைந்தது. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டி மீது அரசு விதித்த வரி உயர்ந்தது. உள்நாட்டில் தீப்பெட்டி செய்வது இலாபகரமாயிற்று. அவ்வாண்டை ஒட்டிச் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் பிறந்தது. வண்ணத் தீக்குச்சியிலிருந்து மத்தாப்பும், அதிலிருந்து பட்டாசும் கிளைத்தன. இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டுப் பட்டாசின் வரவைத் தடுத்தபோது, 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்கீழ் உரிமம் பெற்ற ஆலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 'குட்டி ஜப்பான்' என்று நேரு பாராட்டியதாக அவ்வூரார் பெருமையுடன் கூறும் பெயர் இவ்வுழைப்பின் பயனே.

இத்தொழிலின் வளர்ச்சியில் அரசின் வரிக்கொள்கைக்கும் பங்குண்டு. 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. பின்னாளில் எந்திரத்தால் செய்யும் பெரிய ஆலைக்கு உயர்ந்த வரியும், கையால் செய்யும் சிறு ஆலைக்குக் குறைந்த வரியும் என வகைப்படுத்தினர். சிறுதொழிலைக் காப்பது இதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது, பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் ஆலைகள் சிறியனவாகவும் சிதறியனவாகவும் இருக்கவும், எந்திரத்துக்கு மாறாகக் கைகளையே நம்பவும் அது வழிசெய்தது. எந்திரத்தைக் காட்டிலும் கை மலிவாக இருக்கும்வரைதான் இவ்வமைப்பு நிலைக்கும் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

கணக்கெடுப்பு காட்டும் புதிர்

நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பகுதியைச் சிவகாசி வட்டாரமே செய்தளிக்கிறது. இத்தகைய ஊரின் மக்கள் தொகை ஏறிக்கொண்டே சென்றிருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். கணக்கெடுப்போ வேறு கதை சொல்கிறது. 2001இல் சிவகாசி நகராட்சியின் மக்கள் தொகை 72,170. 2011இல் 71,040. பத்தாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குறைந்துள்ளனர். மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 17,51,301 என்பது 19,42,288 ஆயிற்று; இவ்வளர்ச்சி சுமார் 11 விழுக்காடு. அதே பத்தாண்டில் தமிழகத்தின் வளர்ச்சி 15.6 விழுக்காடு. செழிக்கும் தொழில் நகரைக் கொண்ட மாவட்டம் மாநிலச் சராசரியை எட்டவில்லை.

இப்புதிரின் விடை அதிகாலையில் கிராமங்களுக்குச் செல்லும் ஆலை வண்டிகளில் இருக்கிறது. சிவகாசியின் உழைப்பாளி சிவகாசியில் குடியிருப்பவர் அல்லர். சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர், திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து நூற்றுக்கணக்கான கிராமங்களிலிருந்து அவரை வண்டி ஏற்றி வருகிறது; மாலையில் கொண்டுபோய் விடுகிறது. அவ்வூர்களில் இத்தொழிற்சாலைகளுக்கு 'ஆபீஸ்' என்று பெயர். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்றே பெண்கள் சொல்வர். பாதுகாப்பு விதிகளின்படி பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அமைய வேண்டியிருந்ததால் தொழிலும் கிராமங்களை நோக்கி நகர்ந்தது. பெட்டி ஒட்டும் வேலையும் குழாய் உருட்டும் வேலையும் வீட்டுத் திண்ணைகளுக்கே சென்றன.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். ஆள் தேவை மிகும்போது கூலியைக் கூட்டுவது ஒரு வழி. வண்டியை இன்னும் பத்து மைல் தொலைவுக்கு அனுப்புவது மற்றொரு வழி. இரண்டாவது மலிவானது. மழை பொய்த்த கிராமம் ஒன்று எப்போதும் அடுத்து இருந்தது. மேலும், கிராமத்தில் வாழும் உழைப்பாளிக்கு வாடகை இல்லை. கம்போ சோளமோ ஓரளவு வீட்டில் இருக்கலாம். ஆகவே ஒரு குடும்பத்தை முழுதும் தாங்க இயலாத கூலிக்கும் ஆள் கிடைத்தது. எஞ்சிய பாரத்தைக் கரிசல் நிலம் சுமந்தது. செயிண்ட் லூசியாத் தீவில் பிறந்த பொருளியலறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய கட்டுரையில், வேளாண்மையிலிருந்து குறையாது வரும் உழைப்பாளர் கூட்டம் இருக்கும்வரை தொழில் எவ்வளவு வளர்ந்தாலும் கூலி அசையாது நிற்கும் என்று விளக்கினார். அவர் சிவகாசியைக் கண்டிருந்தால் அதனையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கலாம்.

திருப்பூர் இதற்கு மாறான நிலையைக் காட்டுகிறது. பின்னலாடைத் தொழில் அங்கு மக்களை ஊருக்குள்ளேயே ஈர்த்தது. 2001இல் சுமார் 5.5 இலட்சமாக இருந்த திருப்பூர் நகரத் தொகுதியின் மக்கள் 2011இல் 9.6 இலட்சத்தைக் கடந்தனர். ஊருக்குள் குடியேறியவர் வாடகை முதல் தண்ணீர் வரை யாவற்றையும் கூலியிலிருந்தே வாங்க வேண்டும். அருகருகே வாழ்வதால் கூடிப் பேசவும் அவர்களுக்கு இயலும். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். விலைவாசிக்கு ஏற்பக் கூலி ஏறவேண்டும் என்பதே பஞ்சப்படியின் பொருள். நூறு கிராமங்களில் சிதறிக் கிடந்து, மாலையில் வெவ்வேறு வண்டிகளில் பிரிந்து சென்ற சிவகாசி உழைப்பாளிக்கு அத்தகைய நீண்ட போராட்டம் எளிதன்று.

பிள்ளைகளின் விரல்கள்

வண்டி அனுப்பும் வழிக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை மேலும் தள்ளிப்போட உதவியவர் குழந்தைகள். கட்டை அடுக்குதல், பெட்டி அடைத்தல், தாள் ஒட்டுதல் ஆகியவற்றுக்குச் சிறு விரல்களே ஏற்றவை என்ற சாக்கு நெடுங்காலம் கூறப்பட்டது. 1980களின் தொடக்கத்து ஆய்வுகளில் இவ்வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர் 45 ஆயிரம் என்ற மதிப்பீடு பலமுறை எடுத்தாளப்பட்டது. விடியுமுன் அவர்களை வண்டியேற்றி, இருட்டிய பின் இறக்கிவிட்டனர். பள்ளிகளைப் பெருக்கி மதிய உணவும் அளித்த காமராசர் பிறந்த மாவட்டம் இது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இது குழந்தைகளின் துயரம் மட்டுமன்று. பெரியவர்களின் கூலியையும் இதுவே கட்டிவைத்தது. தாய் கூடுதலாகக் கேட்டால் மகள் குறைவாகச் செய்யக் காத்திருந்தாள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990 அக்டோபர் 31 அன்று அளித்த முதல் தீர்ப்பு, ஒரே வேலைக்குப் பெரியவர் பெறும் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடாவது குழந்தைகளுக்கு வழங்கப்பட வேண்டும் என்றது. குழந்தைகளின் நலன் கருதிய தீர்ப்பு அது. எனினும் அதற்கு முன் அவர்கள் பெற்றது எவ்வளவு குறைவாக இருந்திருக்கும் என்பதை அவ்விழுக்காடே உணர்த்துகிறது.

1996 டிசம்பர் 10 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பு மேலும் ஆழமாகச் சென்றது. குழந்தையை வேலைக்கு வைத்த உரிமையாளர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 ஆயிரம் ரூபாய் செலுத்த வேண்டும். அக்குழந்தையின் இடத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். இயலாதபோது 5 ஆயிரம் ரூபாயைத் தானும் சேர்க்க வேண்டும் என்றது. குழந்தையின் உழைப்புக்கும் பெரியவரின் வேலையின்மைக்கும் உள்ள தொடர்பை நீதிமன்றம் கண்டுகொண்டது என்பது இதில் கருதத்தக்கது.

கூலி அசைந்த காலம்

இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நிலைமை மாறலாயிற்று. இதற்குத் தனியொரு காரணம் இல்லை. பல காரணங்கள் ஒரே காலத்தில் கூடின. தமிழகக் குடும்பங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை சராசரியாக இரண்டுக்கும் கீழே இறங்கியது. அப்பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். பெண்பிள்ளைகள் கல்லூரிக்கும் சென்றனர். நூற்பாலைகளும் திருப்பூரும் வேறு வேலை காட்டின. 2006இல் கூட்டுறவுக் கடை அரிசி கிலோ 2 ரூபாய்க்கும், 2008இல் 1 ரூபாய்க்கும் வந்து, 2011 முதல் விலையின்றியே கிடைத்தது. 2008இல் விருதுநகர் மாவட்டத்துக்கும் வந்த நூறு நாள் வேலைத் திட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அறிவித்து, சொந்த ஊரிலேயே வேலை தந்தது.

2007க்கும் 2014க்கும் இடையில் இந்தியக் கிராமங்களில் விலைவாசி உயர்வைக் கழித்த பின்னரும் கூலி விரைவாக ஏறியது என்பதும், அதன்பின் அவ்வேகம் தளர்ந்தது என்பதும் பொருளியலறிஞர் பலர் ஒப்புக்கொண்ட செய்தி. சிவகாசி வட்டாரமும் அதற்கு விலக்கன்று. ஆள் கிடைக்கவில்லை என்ற குறை உரிமையாளரிடமிருந்து எழுந்தது. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் போட்டி மிகுந்தது. தீப்பெட்டித் தொழிலில் எந்திரங்கள் நுழைந்தன. கை விலை ஏறியதும் எந்திரம் வந்தது என்பது மேலே நாம் குறித்ததை மெய்ப்பிக்கிறது.

அச்சங்குளத்துக்கு நாம் சென்ற நாளில், வண்டிக்குக் காத்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டோம். சிறுவயதில் தீப்பெட்டி ஆபீசிலும் பின்னர் வெடி ஆபீசிலும் வேலை செய்தவர் அவர். "முன்னாடியெல்லாம் ஏஜெண்டு வந்து கதவத் தட்டுனா, காய்ச்சலா இருந்தாலும் எந்திரிச்சுப் போகணும் பாய். வீட்டுல அரிசி இருக்காது. ரேசன் அரிசி வந்த பொறவுதான் 'இன்னிக்கு வரல'ன்னு சொல்லவே படிச்சோம்" என்றார்.

முகத்திமாவை அறியாத அவர், அதன் இரண்டாவது காரணத்தைத் தம் சொற்களில் கூறிவிட்டார். பிழைப்பு எளிதானால் உழைப்பாளி தம்மை மலிவாக விற்க மறுப்பார். ஃபாஸ் நகரத்துச் சந்தை தந்த அம்மறுக்கும் ஆற்றலை, கரிசல் காட்டுக்குப் பள்ளியும் நீதிமன்றமும் அரிசியும் வேலைத்திட்டமும் சிறிய குடும்பமும் சேர்ந்து தந்தன. கெய்ரோவைப் போலக் கொள்ளைநோய் வரவேண்டியதில்லை என்பது நமக்கு ஆறுதல்.

அச்சங்குளம் எழுப்பும் கேள்வி

எனினும் இவ்வாறுதலோடு கட்டுரையை முடித்துவிட அச்சங்குளம் இடந்தரவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூர்ப் பக்கத்து அவ்வூரில் இயங்கிய பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைக் குத்தகைக்கு எடுத்துத் தொழில் நடத்தியோர் பலர் என்பது பின்னர் வெளிப்பட்டது. இறந்தோர் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்வாண்டே ஆணையிட்டது. அதற்கு முன் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டனர். இடையிலும் பின்னும் நிகழ்ந்த சிறு விபத்துகள் பல.

கூலி உயர்ந்த காலத்திலும் இது தொடர்வானேன்? கூலி எவ்வளவு என்பதோடு, கூலி எதற்கு அளக்கப்படுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். ஃபிக்ஹு நூல்களில் உழைப்பாளரை இருவகையாகப் பிரிப்பர். தம் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர் 'அஜீர் காஸ்'. அவர் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராவார்; வேலை கொடுக்காதது முதலாளியின் பொறுப்பு. தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்து தருபவர் 'அஜீர் முஷ்தரக்'. வேலையை முடித்தால்தான் அவருக்குக் கூலி. ஆனால் தம் நேரத்துக்கு அவரே தலைவர்.

வெடி ஆபீசுக்குச் செல்லும் பெண் இவ்விரண்டில் எவர்? முதலாளியின் வண்டியில் ஏறி, முதலாளியின் அறையில் அமர்ந்து, நாள் முழுதும் ஒருவருக்கே உழைக்கிறார். அவ்வகையில் அவர் அஜீர் காஸ். கூலியோ குரோசுக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு என்று எண்ணித் தரப்படுகிறது. அவ்வகையில் அவர் அஜீர் முஷ்தரக். இருவகையின் பாரங்களும் அவர்மேல் ஏற்றப்பட்டு, இருவகையின் உரிமைகளும் அவரிடமிருந்து கழற்றப்பட்டுள்ளன என்பது நம் கருத்து. மழை பெய்தால் காயப்போட இயலாது. வேலை நிற்கும், கூலியும் நிற்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இசைவளித்துச் சரவெடியைத் தடை செய்தபோது, சரம் பின்னிய கைகளுக்கு வேலை குறைந்தது. காற்று தூய்மையாக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதன் செலவை முதலில் ஏற்றவர் எவர் என்பதே நாம் சுட்ட விழைவது.

இதைவிடக் கொடியது விரைவு. எண்ணிக்கைக்குக் கூலி என்றால், வேகமே வருமானம். குத்தகைக்கு எடுத்தவர் குறுகிய காலத்தில் நிறையச் செய்தாக வேண்டும். உழைப்பவரும் பொழுது சாயுமுன் நிறையச் செய்தாக வேண்டும். இருவர் விரைவும் கூடும் அறையில் ஓர் உராய்வு போதும். கூலி விகிதத்தைச் சில ரூபாய் கூட்டினாலும் இவ்விரைவு தணிவதில்லை, சிலவேளை மிகுகிறது. ஆகவே கூலி மக்கள் தொகையோடு ஓடுகிறதா, விலைவாசியோடு ஓடுகிறதா என்று கணக்குப் பார்க்கும்போது, அக்கூலியைப் பெற உழைப்பாளி ஓடும் ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

நிறைவாக

2021இல் சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சியாயின. எல்லை விரிந்ததால் மக்கள் தொகைக் கணக்கு ஒரே நாளில் பெருகியது. அதனால் எவர் கூலியும் உயர்ந்துவிடவில்லை. எண்ணிக்கை கூலியை ஆள்வதில்லை என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வருங்காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இவ்வட்டாரத்தில் ஆள் குறையும்போது வடமாநிலத்து இளைஞர்கள் வந்து சேர்கின்றனர். பத்து மைல் சென்ற வண்டிக்குப் பதிலாக ஆயிரம் மைல் ஓடும் இரயில் வந்துவிட்டது. வந்தவர்க்கும் மறுக்கும் ஆற்றல் இருந்தால் இங்குள்ளோர் கூலியும் நிலைக்கும். அவர்க்கு அது இல்லையெனில், அன்று மகளின் விரல்கள் தாயின் கூலியைக் கட்டியதுபோல, அவர்தம் வறுமை இவர்தம் கூலியைக் கட்டும். ஆகவே அவர்களின் குடும்ப அட்டையும், அவர்தம் பிள்ளைகளின் பள்ளியும் நம் ஊரின் கூலிப் பிரச்சினையே ஆகும்.

அன்று வகுப்பில் எழுந்து நின்ற மாணவர்க்கு நாம் கூறவேண்டிய விடை இப்போது நமக்குத் தெளிவாகிறது. இப்னு கல்தூன் கூறியது பிழையன்று. உங்கள் ஊரில் தொழில் பெருகிற்று, செல்வரும் பெருகினர். அவருடைய முதற்காரணமும் மூன்றாங்காரணமும் அங்கு நிறைவேறின. இரண்டாவதுதான் உங்கள் தாயாருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. பிழைப்பு எளிதாகி, 'இக்கூலிக்கு, இந்த அறையில், இத்தனை பேரோடு அமர மாட்டேன்' என்று அவர் சொல்லக்கூடிய நாளில்தான் முகத்திமாவின் அப்பகுதி உங்கள் ஊருக்கும் பொருந்தும். அடுத்த முறை அப்பாடம் வரும்போது அந்த இரண்டாவது காரணத்தை நாம் விரைந்து கடக்கப்போவதில்லை.